பாதி ரயில்

நடைமேடை தண்டவாளத்துப் பக்கம் சரிந்திருக்கவில்லை. அதற்கு எதிர்ப்பக்கமாகத்தான் சரிந்திருந்தது. மழைத்தண்ணீர் வடியவும், சக்கரம் வைத்த எதுவும் தண்டவாளத்தை நோக்கி உருளாமல் இருக்கவும் அப்படித்தான் கட்டுவார்கள். அவளுக்கு இது தெரியும். தெரிந்தும் ஒரு டென்னிஸ் பந்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அந்தச் சிறிய நிலையத்துக்கு வந்திருந்தாள். மஞ்சள் கோட்டின் மேல் வைத்த பந்து சற்று யோசிப்பதுபோல் நின்றது. பிறகு சுவர்ப்பக்கம் மெல்ல உருண்டுபோய் பெஞ்சின் காலில் முட்டிக்கொண்டது.

அப்படியானால் அப்பாவின் சக்கர நாற்காலி இந்த மேட்டில் ஏறிப் போய்த் தண்டவாளத்தில் விழுந்தது எப்படி?

தம்பி ஆரம்பத்திலிருந்து ஒரே மாதிரிதான் சொல்லிவந்தான். அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விட்டுத் திரும்பும் வழி. வேக ரயில் அந்த நிலையத்தில் நிற்காது, நடைமேடையை ஒட்டிப் பாய்ந்து போகும். அறிவிப்பு வந்ததும் நாற்காலியை மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிறுத்தி, இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் போட்டான். ரயில் போனது. கடைசிப் பெட்டியும் போன பிறகு, லிஃப்ட் பக்கம் திரும்புவதற்காகப் பிரேக்கை எடுத்தான். கீழே வைத்திருந்த மருந்துப் பையை எடுக்கக் குனிந்தான். நிமிர்ந்தபோது நாற்காலி கோட்டைத் தாண்டியிருந்தது. அப்பா விழுந்த உயரம் ஓர் ஆள் உயரம்கூட இல்லை. அவருடைய எலும்புகளுக்கு அதுவே அதிகம்.

இறுதிக் காரியங்கள் முடிந்து எல்லோரும் களைத்து உட்கார்ந்திருந்தபோது அண்ணன்தான் ஆரம்பித்தார்.

"ரயில் ஓடும்போது நகரலையாம். ரயில் போனப்புறம் நகர்ந்துச்சாம். ஏண்டா, நாற்காலிக்கு என்ன, ரயிலை வழியனுப்பணும்னு ஆசையா?"

"பிரேக் போட்டேன்ணா."

"போட்டிருந்தா அப்பா இந்நேரம் உள்ள படுத்து டீ கேட்டுக்கிட்டு இருப்பாரு. இங்க பாரு, நீ ஓஞ்சு போயிட்ட. வேலையை விட்டுட்டு இத்தனை வருஷம் நீதான் அவரைத் தூக்கி இறக்கின. நான் வந்து எட்டிப் பார்த்ததோட சரி. மறந்துட்டேன்னு சொல்லு, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். பொய்தான் எனக்குத் தாங்கல."

தம்பி அவள் பக்கம் திரும்பினான். "அக்கா, நீ கணக்குப் போட்டுச் சொல்லு. உன் கம்ப்யூட்டர் சொன்னா அண்ணன் நம்புவாரு."

அவளுடைய தொழிலே அதுதான். வேக ரயிலைச் சுற்றிக் காற்று என்ன செய்கிறது என்று கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஓர் ஆராய்ச்சிக் குழுவில் இருந்தாள். கேட்பதற்கு மாயம்போல் இருந்தாலும் வேலையின் அடிப்படை எளிது. ரயிலைச் சுற்றியுள்ள காற்றைக் கோடிக்கணக்கான சின்னப் பெட்டிகளாக வெட்டிவிடுவார்கள். ரயிலின் தோலை ஒட்டிய பெட்டிகள் கடுகைவிடச் சிறியவை. தூரம் போகப்போகப் பெட்டிகள் பெரிதாகும். ஒவ்வொரு பெட்டியும் பக்கத்துப் பெட்டியிடம் ஒரே கேள்வியைக் கேட்கும்: உன்னிடமிருந்து எனக்கு எவ்வளவு வருகிறது, என்னிடமிருந்து உனக்கு எவ்வளவு போகிறது? பதில்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்வரை கணினி விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும். பிறகு நேரத்தை ஒரு துளி நகர்த்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். ரயில் கணினிக்குள் ஓடுவதுகூட இல்லை. ரயிலை நிறுத்தி வைத்துவிட்டுக் காற்றையும் தரையையும் பின்னோக்கி ஓடவிடுவார்கள். காற்றுக்கு இரண்டும் ஒன்றுதான். பெட்டிகளாக வெட்டும் அந்த வலையைப் பின்னுவது அவள் வேலை. அதனால் அலுவலகத்தில் அவளுக்கு 'வலைக்காரி' என்று பெயர்.

அந்தப் பாதையில் ஓடும் ரயிலின் வடிவம் குழுவிடம் ஏற்கெனவே இருந்தது. நடைமேடையைச் சேர்த்தாள். நாற்காலி நின்ற இடத்தில் காற்றின் வேகத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லி ஓடவிட்டாள். ரயிலின் மூக்கு வரும்போது ஒரு தள்ளு. பிறகு பெட்டி பெட்டியாக ரயில் தன்னோடு இழுத்து வரும் காற்று, போகப்போகத் தடிப்பாகி நடைமேடையின் மேல் ஏறியது. பிரேக் போடாத நாற்காலியை நகர்த்த அது போதும். வால் போனதும் இரண்டு காற்றுச் சுழல்கள், முறுக்கிய இரண்டு கயிறுகள்போல, தண்டவாளத்தோடு நேராகப் படுத்துப் பின்னால் போய் மெலிந்தன. நடைமேடையில் மின்விசிறிக் காற்றுதான் மிச்சம்.

கணக்கு சொன்னது இதுதான். கடைசிப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தபோதே நாற்காலி நகரத் தொடங்கிவிட்டது. விளிம்பை எட்டுவதற்குள் ரயில் போய்விட்டது. அதாவது, பிரேக் போடப்படவே இல்லை.

கணக்கை மூன்று விதமாகச் சரிபார்த்துவிட்டுத்தான் தம்பியிடம் சொன்னாள். "கணக்குல அப்படி வரலடா."

கடைக்காரரிடம் சில்லறைக்கு முக்கால் மணி நேரம் வாதாடக்கூடியவன் அவன். "சரிக்கா" என்று மட்டும் சொன்னான்.

அடுத்த முறை அவள் அப்பாவின் வீட்டுக்குப் போனபோது, குளியலறையில் நாற்காலியைப் படுக்கப் போட்டுச் சக்கரத்தில் சிக்கிய முடியைக் கத்தரிக்கோலால் நறுக்கிக்கொண்டிருந்தான். ஒரு பக்கக் கைப்பிடி வளைந்திருந்தது.

"யாருக்காவது குடுத்துடலாம்னு பார்த்தேன். மருத்துவமனையில கேட்டாங்க."

"இப்பவே என்ன அவசரம்?"

"வீட்டுக்குள்ள வந்தா கால்ல இடிக்குதுக்கா." நறுக்கிய முடியைத் தட்டினான். "நாளைக்கு அண்ணன் வீட்டுக்குப் போறேன். மறந்துட்டேன்னு சொல்லிடறேன்."

"உனக்குப் போட்ட ஞாபகம் இருக்குல்ல?"

"இருந்துச்சு. இப்போ கண்ணை மூடினா ரெண்டும் தெரியுது. போட்ட மாதிரியும் தெரியுது, போடாத மாதிரியும் தெரியுது. நீயும் இல்லைங்கற, கம்ப்யூட்டரும் இல்லைங்குது. அப்போ எது பொய்யோ அதை நான்தானே விட்டுடணும்?"

அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுந்து அப்பாவின் அறைக்குப் போனாள். கட்டிலின் பக்கக் கம்பி இறக்கியே இருந்தது. மாத்திரை டப்பாவில் அந்த வாரத்துக்கான மாத்திரைகள் பாதி தீராமல் கிடந்தன. கதவுக்குப் பின்னால் கொக்கியில் அப்பாவின் துணித்தொப்பி தொங்கியது. எடுத்து முகர்ந்தாள். சோப்பு வாசம்தான் வந்தது.

"இதைத் துவைச்சுட்டியா?"

"அழுக்கா இருந்துச்சு. அன்னைக்குப் போட்டிருந்தது. நிலையத்துல கூட்டுற அம்மா தேடிக் கொண்டுவந்து குடுத்தாங்க, பாவம். எதிர் பிளாட்பாரத்துல டிக்கெட் மெஷின் பக்கத்துல கிடந்துச்சாம்."

"எதிர் பிளாட்பாரத்துலயா?"

"காத்துல போயிருக்கும்."

அவள் தொப்பியைக் கையில் வைத்தபடி குளியலறை வாசலுக்கு வந்தாள். "ரயில் போகும்போது இது அப்பா தலையிலதானே இருந்துச்சு?"

"தலையிலதான். நான்தான் ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிச்சிருந்தேனே. ரயில் போற வரைக்கும். காதுல காத்து பட்டா அன்னைக்கு ராத்திரி முழுக்க முனகுவாரு."

"ரெண்டு கையாலயும்னா, நாற்காலியைப் பிடிக்கலையா?"

"பிரேக் போட்டிருக்கே, அதை எதுக்குப் பிடிக்கணும்?"

சொல்லிவிட்டுத் தம்பி கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாளைக்கு அண்ணன் வீட்டுக்குப் போகாத" என்றாள்.

"எத்தனை நாளைக்குப் போகாம இருக்கறது?"

"நான் சொல்ற வரைக்கும்."

பேருந்தில் திரும்பும்போது தொப்பியைப் பற்றியே யோசித்தாள். ரயில் ஓடும்போது அது எதிர்ப்பக்கம் போயிருக்க முடியாது. நடுவே ரயில் சுவர்போல நிற்கிறது. போதாததற்குத் தம்பியின் இரண்டு கைகளும் தொப்பியின் மேல். பிரேக் போடாமல் இருந்திருந்தால் கடைசிப் பெட்டி ஓடும்போதே நாற்காலி அந்தக் கைகளுக்கடியிலிருந்து நகர்ந்திருக்கும், அவனுக்கும் தெரிந்திருக்கும். ஆகவே ரயில் போன பிறகுதான் போயிருக்கிறது. ரயில் போன பிறகு, இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே, ஒரு தொப்பியைத் தூக்கிப் போகும் அளவுக்குக் காற்று வீசியிருக்கிறது. அவளுடைய கணக்கில் ஏன் அந்தக் காற்று இல்லை?

பக்கத்து இருக்கையில் ஒருவர் ஜன்னல் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டிருந்தார். சீப்பு இடப்பக்கம் போனால் கண்ணாடிக்குள் இருந்த சீப்பும் அதே அளவு போனது. அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனது அவளுக்குத் தெரியவில்லை.

கணக்கில் இருந்தது முழு ரயில் இல்லை, பாதி ரயில். அதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. குழுவில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ரயிலுக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும். எனவே மூக்கிலிருந்து வால்வரை நடுவில் நெடுக வெட்டி ஒரு பாதியை மட்டும் கணக்கிட்டால் போதும். வெட்டிய இடத்தில் ஒரு கற்பனைக் கண்ணாடியை நிறுத்திவிடுவார்கள். அடுத்த பாதி இதன் பிம்பம் என்று கணினி எடுத்துக்கொள்ளும். பாதி வேலை, பாதி நேரம். ரயிலை எவ்வளவு காற்று எதிர்க்கிறது என்று கண்டுபிடிக்க இது நன்றாகவே உதவும். ஆனால் கண்ணாடியை எதுவும் தாண்ட முடியாது. தொப்பியும் தாண்டாது, காற்றும் தாண்டாது. ரயில் போன பிறகும், தண்டவாளத்தின் நடுவில், இல்லாத ரயிலின் நடுக்கோட்டில், அந்தக் கண்ணாடி நின்றுகொண்டே இருக்கும். அதை அங்கே நிறுத்தியவள் அவளேதான். எப்போதும் நிறுத்துவதால் அதை நிறுத்தியதே நினைவில் இல்லை.

கண்ணாடியை எடுத்துவிட்டு வலையை முழு ரயிலுக்கும் பின்னினாள். கணினி அறையை நிர்வகிக்கும் சக ஊழியருக்கு, நாற்காலியைவிட்டு அவர் எழுந்ததை யாரும் பார்க்காததால், 'கோந்து' என்று பெயர். அவர் திரையைப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"வலைக்காரி, இது என்ன முழு ரயில்? கம்ப்யூட்டர் உங்க வீட்டுச் சொத்தா? மத்தவங்க எல்லாம் வரிசையில நின்னு கொட்டாவி விடறாங்க."

"ஒரு தடவைதான். விடுங்க."

"பாதியைக் கணக்குப் பண்ணி ரெண்டால பெருக்கறதுக்கு என்ன நோவு?"

"பெருக்கினா எங்க அப்பா கிடைக்கலைங்க."

அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக எழுந்துபோய், மற்றவர்களுடைய வேலைகளை அவரே வரிசையில் பின்னால் தள்ளி வைத்தார்.

கணினி அறை குளிர்பதனத்தில் விறைத்துப்போயிருந்தது. நாள்கணக்கில் கணக்கு ஓடியது. முடிந்ததும் அதைப் படமாக்கித் திரையில் போட்டாள். மூக்கு வந்தது, பெட்டிகள் வந்தன, வால் போனது. அதுவரை பழைய படம்தான். பின்னால் வந்த இரண்டு கயிறுகளும் கொஞ்சதூரம் நேராகத்தான் வந்தன. பிறகு ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. ஒன்று இடப்பக்கம் நெளிந்தது. மற்றது அதைத் துரத்தியது. நடுக்கோடு என்று ஒன்று இருப்பதே அவற்றுக்குத் தெரியவில்லை. கொடியில் காயும் வேட்டி காற்றில் புரள்வதுபோல, முழு வாலும் இந்த நடைமேடைக்கும் அந்த நடைமேடைக்கும் மாறி மாறி வீசியது. ரயில் கண்ணுக்கு எட்டாத தூரம் போய், நடைமேடை அமைதியாகிவிட்டது என்று யாரும் நினைக்கும் நேரத்தில், ஒரு சுழல் மஞ்சள் கோட்டின் மேல் ஏறி, நாற்காலி நின்ற இடத்தைச் சுற்றி வளைத்துத் தண்டவாளத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு இறங்கியது. ரயில் பக்கத்தில் ஓடியபோது இருந்ததைவிடப் பலமான காற்று அது.

கணக்கைச் சிறிது மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தாள். சில ஓட்டங்களில் சுழல் எதிர்ப்பக்கம் போனது. சிலவற்றில் இந்தப் பக்கம் வந்தது. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் மறுபடியும் மின்விசிறிக் காற்றுதான். அன்றைக்கு அது இந்தப் பக்கம் வந்திருக்கிறது.

அண்ணன் வீட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து இருவருக்கும் காட்டினாள். அண்ணன் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கித் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"இது நிஜமா? இல்ல தம்பிக்காக நீ..."

"எனக்குத் தம்பியும் வேணும்ணா. ஆனா காத்தை என்னால ஏமாத்த முடியாது. முதல் தடவை அவனுக்கு எதிரா வந்தப்போ அதையும் சொன்னேன்ல?"

அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தம்பியின் தோளைத் தொட்டார். "மன்னிச்சுக்கடா" என்றார். தம்பி அவரைப் பார்க்கவில்லை. திரையில் நிறுத்தியிருந்த அந்தச் சுழலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, ஒண்ணு கேட்கட்டுமா?"

அவன் என்ன கேட்கப் போகிறான் என்று அவளுக்குத் தெரியும். வழியெல்லாம் அதற்கு ஒரு பதில் தேடிப் பார்த்திருந்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் பிரேக்கை எடுக்காம இருந்திருந்தா?"

"இருந்திருப்பாருடா."

தம்பி தலையாட்டினான். பிறகு முகத்தை இரண்டு கைகளாலும், தொப்பியை அழுத்திப் பிடித்ததுபோல, அழுத்திக்கொண்டு அழுதான். அன்றுதான் முதல் தடவை.

"ஆனா அது உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். "அந்த மஞ்சக் கோட்டை எங்க போடணும்னு கணக்குப் போட்டுக் குடுக்கற எங்களுக்கே தெரியலையே."

மறுநாள் குழுவுக்கும், நிலையங்களைப் பராமரிக்கும் துறைக்கும் அவள் எழுதி அனுப்பியது இவ்வளவுதான். நடைமேடைக் காற்றைக் கணக்கிடும்போது நடுவில் கண்ணாடி வைக்கக் கூடாது. முழு ரயிலையும் கணக்கிட வேண்டும். ஒரே ஓட்டத்தை நம்பக் கூடாது, பல ஓட்டங்களின் சராசரியையும் நம்பக் கூடாது. அவற்றுள் மிகப் பலமான காற்றையே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காற்று ரயில் போன பிறகு வருகிறது. ஆகவே சக்கர நாற்காலியின் பிரேக்கைக் கடைசிப் பெட்டி போனதும் எடுக்கக் கூடாது. பின்னால் வரும் காற்றும் வீசி அடங்கிய பிறகே எடுக்க வேண்டும்.