கவச உடையில் ஓர் ஆரத்தி

மாப்பிள்ளையின் கார் மேலகரத்து வீட்டு வாசலுக்கு வந்து கால்மணி நேரம் ஆகியும் ஆரத்தித் தட்டை எடுக்க ஒரு கை நீளவில்லை. குற்றால அருவிக்கே பூட்டுப் போட்ட கொரோனா வருஷம் அது. கல்யாணத்துக்கு அனுமதித்த ஐம்பது பேரும் கூடத்துச் சுவரோடு ஒட்டி நின்றார்கள். மாப்பிள்ளை ரவி கேரளத்துப் புனலூரில் வேலை பார்ப்பவன். புளியரை சோதனைச் சாவடியைத் தாண்டி வந்தவன். அது போதாதென்று காரை நிறுத்தியதும் டிரைவர் ஒரு இருமல் வேறு இருமிவைத்தான்.

பெண்ணின் அம்மா செண்பகவல்லி பின்கட்டு ஸ்டோர் ரூமில் உட்கார்ந்திருந்தாள். தாலி ஏறும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்று, செத்துப்போன புருஷனின் அண்ணன் நம்பிராஜன் முந்தின நாளே சொல்லிவிட்டார். தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்துப் பெண்ணை ஆளாக்கியவள் அவள். மகள் வித்யா மாலையும் கழுத்துமாக இருப்பதைக் கதவிடுக்கு வழியாகத்தான் பார்க்க முடிந்தது. அழுதுவிடக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்ததில், அவளுக்குத் தெரியாமலே கொரோனா வந்து போயிருக்கிறது, உடம்பில் எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருக்கிறது என்று தெரிந்தது. அன்றைக்குத் தெருவே அவளைக் கண்டு கதவைச் சாத்தியது. இன்றைக்கு நம்பிராஜனின் மனைவி அகிலாண்டேஸ்வரிக்கு அது வரமாகப் பட்டது.

"செண்பகத்துக்குத்தான் இனி வராதுல்லா? அவ போயி எடுக்கட்டும்."

விதவை ஆரத்தி எடுத்தால் குடும்பம் விளங்குமா என்றது ஒரு கட்சி. கிருமி வந்தால் மட்டும் விளங்குமா என்றது மறு கட்சி. கடைசியில் நம்பிராஜன் தீர்ப்புச் சொன்னார். செண்பகம் ஆஸ்பத்திரிக் கவச உடையைப் போட்டுக்கொண்டு போகட்டும். அப்போது அவள் விதவை இல்லை, நர்ஸ்; செய்வது சடங்கு இல்லை, டூட்டி. வெறும் நெற்றியும் வெறும் கழுத்தும் வெளியே தெரியாது, தெரியாதது தோஷமாகாது. அந்த உடையைப் போட்டால் யார் வேண்டுமானாலும் போகலாமே என்பது அத்தனை பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்தச் சக்தி எத்தனை நாள் நிற்கும் என்று டாக்டர்களுக்கே நிச்சயமில்லை, இனி வரவே வராது என்றும் சொல்ல முடியாது என்று செண்பகவல்லி எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். யார் காதிலும் ஏறவில்லை. மகள் கல்யாணத்தில் முன்வாசலுக்குப் போக இதுதான் வழியென்றால் இருக்கட்டும் என்று பையிலிருந்த நீல உடையை மாட்டிக்கொண்டாள்.

ரவி காரைவிட்டு இறங்கினான். தலைமுதல் கால்வரை மூடிய உருவம் ஒன்று எதிரே வரவும், பரிசோதனைக்குத்தான் வருகிறார்கள் என்று நினைத்து மாஸ்க்கை இறக்கி வாயைப் பிளந்து காட்டினான்.

"வாய மூடுங்க மாப்ள, நான் உங்க அத்தை" என்றாள்.

மூன்று சுற்று சுற்றி, தட்டிலிருந்த சிவப்பைத் தொட்டு அவன் நெற்றியில் வைத்தாள். அதோடு ஸ்டோர் ரூமுக்குத் திரும்பியிருக்க வேண்டும். அவள் தட்டைக் கீழே வைத்தாள். முகத்துக் கண்ணாடியைத் தூக்கி, தலைமூடியைப் பின்னால் தள்ளி, கையுறையைக் கழற்றினாள். வெறும் விரலால் தட்டைத் தொட்டுத் தன் நெற்றியில் வட்டமாக வைத்துக்கொண்டாள்.

"செண்பகம், என்ன காரியம் செய்யுத? அழி அத" என்று தூரத்திலிருந்தே நம்பிராஜனின் குரல் வந்தது.

"நீங்களே வந்து அழிச்சுட்டுப் போங்க அத்தான். நான் இங்கனதான் நிக்கேன்."

அழிக்க வேண்டுமானால் ரவியின் பக்கத்தில் வர வேண்டும். நம்பிராஜன் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரைப் பார்த்தாள்.

செண்பகவல்லி மருமகன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். கூட்டம் விழுந்தடித்து வழிவிட்டது. முதலில் விலகியவர்கள் சுமங்கலிகள்தான். வித்யா அம்மாவின் நெற்றியை ஒரு கணம் பார்த்துவிட்டு, மணைக்குப் பக்கத்தில் இடம் காட்டினாள். தாலி ஏறும்வரை செண்பகவல்லி அங்கேயே நின்றாள். அவளை நகர்த்த ஒருவரும் கிட்டே வரவில்லை.