தண்ணீரில் எழுந்த கோடு

உணவு ஆய்வகத்தில் அவளுக்குத் தராசு என்று பட்டப்பெயர். எந்தப் பக்கமும் சாயமாட்டாளாம். அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

அன்று சோதனைக்கு வந்த பொட்டலத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது தங்கை தயாரிக்கும் மக்காச்சோள மாவு. குழந்தைகளுக்கானது. ‘மரபணு மாற்றாதது’ என்று மேலே கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. அது உண்மைதானா என்று பார்க்க வேண்டும். வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். எனக்கென்ன பயம் என்று தானே எடுத்துக்கொண்டாள்.

மாவிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து இயந்திரத்தில் வைத்தாள். மரபணு மாற்றிய பயிரின் துணுக்கு கொஞ்சம் இருந்தாலும் அது கோடிக்கணக்காகப் பெருக்கித் திரையில் கோடாகக் காட்டிவிடும். பக்கத்துச் சோதனைக் குழாயில் வெறும் தண்ணீர். அதில் கோடு எழவே கூடாது. எழுந்தால் எங்கிருந்தோ ஏதோ ஒட்டியிருக்கிறது, சோதனை செல்லாது.

தங்கையின் மாவுக்குக் கோடு ஏறியது. தண்ணீருக்கும் ஏறியது.

வேறு யாருடைய மாவென்றாலும் யோசிக்காமல் மறுபடி செய்திருப்பாள். தங்கைக்காகத் திரும்பச் செய்தாள் என்று நாளைக்கு யாராவது வாயைத் திறந்துவிட்டால்? தண்ணீரின் கோட்டைக் கண்டும் காணாமல் விட்டு, கலப்பு உண்டு என்று முடிவெழுதினாள். மேலாளர் அவளை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

கடைகள் மாவைத் திருப்பி அனுப்பின. தங்கை போனில் அழுதாள்.

"வெதையிலேர்ந்து பாத்துப் பாத்துத்தானே வாங்கினேன். எங்க தப்பு நடந்துச்சுன்னே புரியலக்கா."

அன்றிரவு அக்காவின் தட்டில் சோறு அப்படியே காய்ந்தது.

காலையில் மேலாளரிடம் போய் நின்றாள். "சார், தண்ணியிலயும் வந்துச்சு. தெரிஞ்சேதான் அனுப்பினேன். அது என் தங்கச்சியோட மாவு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "முன்னாடியே சொல்லியிருந்தா வேற ஆள்கிட்ட குடுத்திருப்பேனேம்மா."

மீதி மாவை இன்னொருவர் சோதித்தார். சுத்தமாக இருந்தது. திருத்திய அறிக்கை போனது. அவளைச் சோதனை மேசையிலிருந்து மாற்றினார்கள். கடைகளிலோ அதற்குள் வேறு மாவு அடுக்கியாகிவிட்டது.

தங்கையின் கிடங்கில் கூரை முட்டப் பொட்டலங்கள். தராசு ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"என்னைச் சந்தேகப்பட்டியாக்கா?"

"இல்லடி. உனக்குச் சாதகமா செஞ்சேன்னு யாராச்சும் சொல்லிருவாங்களோன்னு..."

"ஓ. உன் பேரு கெடக் கூடாதுன்னு என் பேரைக் கெடுத்துட்ட."

தங்கை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. நாள்பட்ட பொட்டலங்களை மாட்டுத் தீவனத்துக்குப் பிரித்துக் கொட்ட ஆரம்பித்தாள். அக்காவும் தரையில் உட்கார்ந்து ஒன்றைக் கிழித்தாள். கையெல்லாம் மாவு. நல்ல மாவு.