வியாழக்கிழமையின் மூலை

அந்த ஊருக்கு வாரம் ஒரே கட்டியாக வரும். சனிக்கிழமை காலையில் லாரியிலிருந்து இறக்குவார்கள். சாம்பல் நிறம், ஏழு நாளும் இடைவெளியில்லாமல் வார்த்தது, முழுக்க வேலை. லீவு வேண்டுமென்றால் மில் ரோட்டுப் பட்டறையில் குடைந்துதான் எடுக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கு அதே லாரி வந்து வாரத்தை ஏற்றிக்கொண்டு போய்ப் பொருத்திவிடும்.

மரகதவல்லி அந்தப் பட்டறையில் ஏழு வருடம் அளவு பார்க்கும் மேசையில் இருந்தவள். அடுத்தவர் லீவில் கால் நிமிடம் குறைந்தாலும் திருப்பி அனுப்புவாள். முப்பத்தெட்டாவது வயதில், குடையும் மெஷினுக்குப் புரோகிராம் போடும் கம்ப்யூட்டருக்கு மாற்றல் கேட்டு வாங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. புதிதாகப் புரோகிராம் போடுகிறவர் முதலில் தன் சொந்த லீவைத்தான் குடைய வேண்டும் என்பது பட்டறை வழக்கம். தப்பு வந்தால் அவரவர் தலையோடு போகும். அவளுக்கு வருகிற வியாழக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை செங்கோடன், போர்வெல் லாரி ஓட்டுகிறவர். அனுமதி ஒன்பதிலிருந்து நாலு வரை, விருந்தாளிகள் உட்பட.

காலையிலிருந்து மூன்று டீ ஆறிப்போயிருந்தது. திரையில் வியாழனுக்கு எல்லை வரைந்தாள். பெரிய கட்டர் சீக்கிரம் முடிக்கும் என்று அரை மணி விட்டமுள்ளதைப் போட்டாள். ஆழம் குறைந்த லீவில் ஆபீஸிலிருந்து போன் வரும் என்பது ஊரறிந்த விஷயம். அதனால் அடியில் ஒரு விரல்கடை மட்டும் விட்டு மீதி ஆழத்தைக் கொடுத்தாள். பிறகு திரையிலேயே மாதிரி ஓட்டம். கட்டர் சுழன்று இறங்கி அடுக்கடுக்காக வேலையை வழித்தெடுத்தது. போதும் என்று தெரிந்த பிறகும் நான்கு முறை ஓடவிட்டுப் பார்த்தாள்.

நிஜ ஓட்டம் மூன்றரைக்கு முடிந்தது. மெஷின் ஓட்டும் ஜரினா கதவைத் திறந்து குழியை எட்டிப் பார்த்தாள்.

"பாங்காத்தான் இருக்குது. முகூர்த்தம் எத்தன மணிக்குப் புள்ள?"

"ஒம்பதுல இருந்து ஒம்பதே பத்துக்குள்ள."

"அது மூலையிலல்லோ கெடக்குது. உருண்டக் கட்டரு மூலைக்குள்ள எப்படிப் போகும்? மாப்பிள்ள ஒரு கையில தாலியும் ஒரு கையில ஸ்டியரிங்குமா நிக்கட்டும்ங்கறயா?"

மூலையில் ஒரு பிடி வேலை வட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தது. எட்டே முக்காலிலிருந்தே வெட்டிவிடலாம்தான். ஆனால் அனுமதி ஒன்பதிலிருந்து, சுவரைத் தொடக் கூடாது. இரண்டு ஜாதகத்துக்கும் பொருந்துகிற அடுத்த முகூர்த்தம் மூன்று வருடம் கழித்து வருகிறது என்று ஜோசியர் எழுதியே கொடுத்திருந்தார். ஒரு நிமிட விட்டமுள்ள கட்டரால் மொத்தக் குழியையும் மறுபடி ஓட்டினால் நாளை மதியம் ஆகும்.

அவள் மெனுவைக் கீழே கீழே இறக்கினாள். முந்தின கட்டர் விட்டுவைத்ததை மட்டும் எடு என்று ஒரு வரி இருந்தது. அதைத் தொட்டதும் நான்கு மூலைகளும் சிவப்பாயின. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றபடியே மற்றதைத் தட்டினாள். ஒன்பது மணி மூலை மட்டும். ஒரு நிமிடக் கட்டர். ஆழம், முன்பு கொடுத்ததே. இரண்டாவது ஓட்டம் ஆழத்தை முதல் ஓட்டம் விட்ட தரையிலிருந்து எண்ணும் என்பதை அவள் பார்க்கவில்லை.

கட்டர் கொசு போல ரீங்கரித்தது. வெட்டிய நகம் போலத் துண்டுகள் தெறித்தன. மரகதவல்லி கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றாள். நாலே முக்காலுக்கு மெஷின் நின்றது. ஜரினா மூலைக்குள் விரலை விட்டாள். விரல் மறுபக்கம் வந்தது.

"ஓட்ட போட்டுட்ட புள்ள."

"முகூர்த்தம் சுத்தமாயிருச்சா?"

"வழிச்சு வெச்ச மாதிரி இருக்குது."

"அப்பச் செரி."

லாரி ஐந்துக்கு வாரத்தை ஏற்றிக்கொண்டு போனது.

வியாழக்கிழமை மூலையில் மணமேடை போட்டார்கள். ஒன்பது ஆறுக்குச் செங்கோடன் தாலி கட்டினார். கெட்டிமேளம் கேட்டதும் தரையிலிருந்த ஓட்டை வழியாக, வாரத்துக்கு அடியிலிருந்த யாரோ அட்சதையை மேல்நோக்கி எறிந்தார்கள். நல்ல குறி, ஒரு அரிசிகூட வீணாகவில்லை. பிறகு ஒருவரையொருவர் தூக்கிவிட்டு மேலே வந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்கள். சமையல்காரர் எண்ணிப் பார்த்து நாற்பது இலை கூடுதலாகப் போட்டார். அவர்கள் மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் உட்கார்ந்துகொண்டார்கள்.