சுண்டுவிரல் இல்லாத மெட்டு

அந்த ஞாயிறு மதியம் ஒபாத்தாவின் இசைத்தட்டுக் கடைப் பின்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். இவாகுமா குடும்பத்தில் இப்போது மூத்தவரான தெய்சோ, அவர் மனைவி ஃபுமியே, காலமான அண்ணன் தோகுஜியின் மகளும் மோஜியில் நகரப் பேருந்து ஓட்டுபவளுமான சிஸுரு, கடைக்காரர் ஒபாத்தா. ஐந்தாவது ஆள் கிடையாது. யார் யாரோ தாங்களும் இருந்ததாகச் சொல்லிக்கொள்வதால் இதை முதலில் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது.

எலெக்ட்ரிக் கிட்டார் பித்து ஊரைப் பிடித்து ஆட்டிய காலத்தில் தோகுஜியின் குழு ஒரே ஒரு தட்டு பதிவு செய்தது. ஒபாத்தா அதை மறுபடி வெளியிடப் போகிறார். உறை அச்சுக்குப் போகவேண்டும். கிட்டார் வாசித்தவர் என்று யார் பெயரைப் போடுவது என்பதில்தான் சிக்கல்.

தோகுஜிக்கு இடது கைச் சுண்டுவிரல் மடங்காது. கப்பல் பட்டறையில் நசுங்கிய விரல். தட்டின் நடுவில் வரும் தனி வாசிப்போ, நான்கு விரலும் சரியாக உள்ளவர்களையே திணறடிப்பது. பதிவான மாதத்தில் தெய்சோ சரக்குக் கப்பலில் இருந்தார், கண்ணால் பார்க்கவில்லை. வேகமாகச் சுழலவேண்டிய தட்டை மெதுவாகச் சுழலவிட்டு, ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து, அண்ணனின் மெட்டுகளை எல்லாம் காதாலேயே பிடித்தவர் அவர். அந்த நடுத்துண்டு மட்டும் கைக்கு வரவில்லை. கேட்டவர்களிடம், "அதை நான் தொடறதில்ல" என்று மட்டும் சொல்லிவந்தார்.

சிஸுரு மடிக்கணினியிலிருந்து அச்சடித்த தாளை நீட்டினாள். கம்பிக்கு ஒரு கோடாக ஆறு கோடு போட்டு, கிட்டார் கழுத்தின் எந்தக் கட்டத்தில், அதாவது ஃப்ரெட்டில், விரல் வைப்பது என்று எண் எழுதிய தாள். டேப் என்பார்கள். பாட்டைக் கொடுத்தால் மென்பொருளே எழுதிக் கொடுத்துவிடும்.

"சித்தப்பா, பாருங்க. மூணாவது கம்பியில ரெண்டாவது ஃப்ரெட்டை அமுக்கினது அமுக்கினபடி இருக்கணும். அப்படியே முதல் கம்பியில ஏழாவதுக்கு எட்டணும். எனக்கே கை இழுத்துக்குது."

"அப்ப உங்கப்பன் வாசிக்கலைங்கறியா?"

"நான் சொல்வேனா? தாள் சொல்லுது."

"தாளுக்குக் காது இருக்கா?"

ஒபாத்தா தொண்டையைச் செருமினார். "கோவிச்சுக்காதீங்கண்ணே. தோகுஜி அண்ணன் கெட்டிக்காரர்தான், யாரு இல்லேன்னது? ஆனா அந்தத் துண்டை ரெக்கார்டு கம்பெனி கூட்டிவந்த ஆள் வாசிச்சான்னு ஊர்ப் பொதுக் குளியல் கூடத்துல எல்லாரும் சொல்றாங்க. 'தனி வாசிப்பு: பெயர் தெரியவில்லை. மற்றவை: தோகுஜி'ன்னு போட்டுட்டா வம்பில்ல."

"மற்றவையா?" தெய்சோவின் முதுகு நாற்காலியைத் தொடாமல் நிமிர்ந்தது. "எங்கண்ணன் மற்றவையா?"

ஃபுமியே பொறுத்துப் பார்த்தாள். "ஏங்க, இத்தனை வருஷமா ஊசியை வெச்சு வெச்சுத் தட்டு வெளுத்ததுதான் மிச்சம். அவ கணினிப் பெட்டியில ஒரு தரம் கேட்டா உங்க தலைக்கிரீடம் கழண்டுடுமா?"

"எனக்கெதுக்கு அந்தப் பெட்டி?"

"அண்ணன் பேருக்காக."

தெய்சோ நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "போடு. திரையை என் பக்கம் திருப்பாதே" என்றார்.

சிஸுரு டிரம் ஒலியை அடக்கி, வேகத்தை அரைப்பங்குக்கும் கீழே குறைத்தாள். தட்டை மெதுவாகச் சுற்றினால் சுருதியும் கூடவே இறங்கி, எல்லாம் குழைந்து சேறாகிவிடும். இதில் சுருதி இறங்கவில்லை. ஒவ்வொரு சுரமும் தனியாக வந்து நின்றது. தெய்சோ கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னொரு தரம்."

மறுபடி போட்டாள்.

"கடைசிப் பகுதி மட்டும். இன்னும் மெதுவா."

அடியில் ஒரு சுரம் விடாமல் ஒலித்துக்கொண்டிருக்க, மெட்டு மேலே ஏறியது. கை பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்குத் தாவும் சறுக்கல் கேட்டது. அடிச்சுரம் நிற்கவில்லை.

தெய்சோ கண்ணைத் திறந்தார். "கை மேல போயாச்சு. அந்தச் சுரம் இன்னும் கேக்குதே, அதை எந்த விரல் அமுக்கிட்டிருக்கு?"

சிஸுரு தாளைப் பார்த்தாள். "ரெண்டாவது ஃப்ரெட்ல… இருக்க முடியாது, சித்தப்பா."

"அமுக்கவே இல்லம்மா. அது வெறும் கம்பி."

"அமுக்காமலே அந்தச் சுரம் தர்ற கம்பி எதுவும் கிடையாதே!"

"உன் பெட்டிக்குக் கிடையாது. எல்லாரும் ஒரே மாதிரி சுருதி சேப்பாங்கன்னு அது நெனச்சுக்குது. நானும் அப்படித்தான் நெனச்சேன்." இதைச் சொல்லும்போது அவர் குரல் தாழவில்லை.

சுவரில் தொங்கிய கிட்டாரை எடுத்து, இரண்டாவது கம்பியின் சாவியைத் திருகி ஒரு முழுச் சுரம் தளர்த்தினார். வெறும் கம்பியை மீட்டி அதிரவிட்டு, முதல் கம்பியில் மெட்டைத் தடவித் தடவிப் பிடித்தார். மூன்று விரல் போதுமானதாக இருந்தது. அவருடைய விரல்கள் மரத்துப்போனவை, சரியாக ஓடவில்லை. சிஸுரு கிட்டாரை வாங்கி, சுண்டுவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு வாசித்தாள். தட்டில் இருப்பது அப்படியே வந்தது.

ஒபாத்தா லேசில் விடுகிற ஆள் இல்லை. "கம்பெனி ஆளும் கம்பியைத் தளர்த்தியிருக்கலாமே, அண்ணே?"

"ஆரம்பத்துல எல்லாக் கம்பியும் சேர்ந்து வர்ற கோர்வையை வாசிச்சது யாரு?"

"அது தோகுஜி அண்ணன். அதுல யாருக்கும் சந்தேகமில்ல."

"சிஸுரு, அதைப் போடு."

போட்டாள். முதல் கோர்வையிலேயே அந்தத் தளர்ந்த கம்பி அதிர்ந்தது. அங்கிருந்து தனி வாசிப்பின் கடைசி வரை ஒரே கிட்டார். நடுவில் எங்கும் வெட்டில்லை, ஒட்டில்லை. தனி வாசிப்பு தொடங்கும்போது முந்தைய கோர்வையின் அதிர்வு இன்னும் அடங்கியிருக்கவில்லை. ஒபாத்தா இரண்டு முறை கேட்டார். பிறகு உறையின் மாதிரித் தாளில் 'பெயர் தெரியவில்லை' என்பதை அடித்துவிட்டு, முழுப் பெயரையும் எழுதினார்: இவாகுமா தோகுஜி.

தெய்சோ முதல் முறையாக நாற்காலியில் சாய்ந்தார். மார்பிலிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது. ஃபுமியே கொண்டுவந்திருந்த பயறு இனிப்பில் ஒன்றை எடுத்தார், பிறகு இன்னொன்று.

"சர்க்கரை," என்றாள் ஃபுமியே.

"இன்னைக்கு இருந்துட்டுப் போகட்டும்."

சிஸுரு அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாதபடி மூக்கை உறிஞ்சினாள். "அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"உங்கப்பன் எதைச் சொல்லியிருக்கான்?"

தட்டு வெளிவந்து நன்றாக விற்கிறது. தோகுஜியின் மானத்தைக் கணினி காப்பாற்றியது என்று குளியல் கூடத்தில் இப்போது பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. கணினி மெதுவாக்கிக் கொடுத்தது. கேட்டது தெய்சோவின் காது.