மூன்றாம் அலமாரியின் கீழ்த்தட்டு

கல்லூரி அலுவலகத்தில் புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் அவர்களுக்குக் கோப்பு திறப்பது எழுத்தர் பெரியக்காவின் வேலை. பச்சை அட்டை, ஓரத்தில் இரண்டு துளை, வெள்ளைக் கயிறு, மேலே பெயரும் பதவியும். அந்தத் திங்கட்கிழமை காலையும் பதிவாளர் அறையிலிருந்து ஓர் உறை வந்ததும், அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள். உறையின் மேல் இருந்தபடி 'நிர்வாக அலுவலர்' என்று எழுதிவிட்டு நிறுத்தினாள். அந்தக் கல்லூரியில் அப்படி ஒரு பதவியே கிடையாது. இருபத்துமூன்று வருடங்களில் எந்தக் கோப்பின் மேலும் அந்த வார்த்தையை அவள் எழுதியதில்லை.

உறைக்குள் நியமனக் கடிதம் இருந்தது. சம்பளம் என்ற இடத்தில் இருந்த எண்ணைப் பார்த்தாள். கமா இடம் மாறி விழுந்திருக்கும் என்று நினைத்து, பக்கத்தில் எழுத்தால் எழுதியிருந்ததையும் படித்தாள். கமா சரியாகத்தான் இருந்தது. அவள் வாங்குவதைப் போல இரண்டு மடங்கு, அதற்கு மேலும் கொஞ்சம். கடிதத்தின் பின்னால் பணி விவரம் என்று நான்கு தாள்கள் இணைத்திருந்தார்கள். 'சேர்க்கைப் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் ஓரத்தில் தேதியுடன் சுருக்கொப்பம் வாங்கிவிட வேண்டும்' என்று ஆரம்பித்தது. முதல் வரியிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. அது அவளுடைய வாக்கியம்.

இரண்டு மாதங்களுக்கு முன் பதிவாளர் அவளைக் கூப்பிட்டு, "அக்கா, நீங்க என்னென்ன வேலை பாக்கறீங்கன்னு ஒண்ணு விடாம எழுதிக் குடுங்க. கமிட்டியில வைக்கணும். உங்களுக்கு ஒரு நல்லது பண்ணலாம்னு இருக்கேன்" என்று சொல்லியிருந்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வீட்டில் உட்கார்ந்து எழுதினாள். "எழுதறதுக்கே மூணு வாரம்னா செய்யறதுக்கு எத்தன ஆள் வேணும்?" என்று கணவர் கிண்டலடித்தார். எழுத எழுதத்தான் இவ்வளவு செய்கிறோமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மொத்தம் நாற்பத்தொன்று வந்தது. முப்பத்தேழாவதாக, 'மழை வலுத்தால் மூன்றாம் அலமாரியின் கீழ்த்தட்டை முதலில் காலி செய்ய வேண்டும். பழைய மாணவர்களின் மாற்றுச் சான்றிதழ் அடிகட்டைகள் அங்கேதான் இருக்கின்றன' என்று எழுதியிருந்தாள்.

தாள்களைப் புரட்டினாள். முப்பத்தேழாவது அப்படியே இருந்தது. அடிக்கட்டைகள் என்பதில் அவள் ஒற்றை விட்டிருந்த எழுத்துப் பிழையும் அப்படியே இருந்தது. ஒரு கமிட்டி, ஒரு பதிவாளர், கடிதம் தட்டச்சு செய்த ஒருவர், இத்தனை பேர் கையைக் கடந்து வந்தும் யாரும் அதைப் படித்திருக்கவில்லை. மேலே இருந்த அவள் பெயரை மட்டும் பார்த்து எடுத்திருந்தார்கள்.

இருபத்துநான்கு வயதில் அவள் அங்கே சேர்ந்தபோது எல்லோரும் 'சின்னப் பொண்ணு' என்றுதான் கூப்பிட்டார்கள். மூத்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுப் போக, அவள் மட்டும் அதே நாற்காலியில் இருந்தபடியே பெரியக்கா ஆனாள். ஓய்வு பெற்றவர்களின் இடத்தில் ஆள் போடவில்லை. அவர்களுடைய வேலைகள் மட்டும் ஒவ்வொன்றாக அவள் மேசைக்கு நகர்ந்து வந்தன. முதல்வர்கள் நான்கு பேர் மாறினார்கள். ஆய்வுக்கு வெளியாட்கள் வருகிற நாட்களில் எந்தக் காகிதம் கேட்டாலும் முதல்வர் திரும்பிப் பார்ப்பது அவளைத்தான்.

பதிவாளர் பதினான்கு வருடங்களுக்கு முன் தற்காலிகத் தட்டச்சராக வந்தவர். கோப்புக்குக் கயிறு கட்டுவதிலிருந்து அவருக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள். அவருக்குப் படிப்பு இருந்தது, பேச்சும் இருந்தது. மூன்றே வருடங்களில் பதிவாளர் ஆனார். அன்றிலிருந்து அடுத்தவர் முன்னால் அவரை சார் என்பாள், தனியாக இருந்தால் தம்பி என்பாள். அவர் எப்போதும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகவே பல வேலைகளை அவள் முணுமுணுக்காமல் செய்திருக்கிறாள்.

உறையை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

"வாங்கக்கா" என்றார். அவள் உட்காரவில்லை. தாள்களை அவர் முன்னால் வைத்தாள்.

"இது நான் எழுதினது."

"ஆமாக்கா. ரொம்ப நல்லா வந்திருந்துச்சு. கமிட்டியில எல்லாரும் பாராட்டினாங்க."

"யார?"

அவர் மேசையிலிருந்த பேனாவை நேராக வைத்தார். "உங்களுக்காக நான் பேசாம இல்லக்கா. டிகிரி இல்லாதவங்கள இந்தப் போஸ்ட்ல போட முடியாதுன்னு தலைவர் ஒரே பிடியா நின்னுட்டாரு. என் கையில என்ன இருக்கு சொல்லுங்க."

"கடைசி வருஷப் பரீட்சைக்கு நான் லீவு கேட்டப்ப உங்க கையிலதான் தம்பி இருந்துச்சு."

அஞ்சல் வழியில் இரண்டு வருடம் படித்து முடித்திருந்தாள். மூன்றாம் வருடத் தேர்வு சேர்க்கைக் காலத்தில் வந்தது. பத்து நாள் கேட்டாள். 'நீங்க போயிட்டா இந்த ஆபீஸ் படுத்துடும்கா, அடுத்த வருஷம் எழுதிக்கலாமே' என்றார். அடுத்த வருடமும் அதே மாதத்தில் சேர்க்கை வந்தது. அதற்கடுத்த வருடம் அவள் கேட்கவே இல்லை.

"அதையா இன்னும் மனசுல வெச்சிருக்கீங்க?" என்றார் பதிவாளர்.

"மறந்துதான் போயிருந்தேன். இப்பதான் ஞாபகம் வந்துச்சு."

அவர் குரலைத் தாழ்த்தி, "அந்தப் பொண்ணு நாளைக்கு ஜாயின் பண்ணுது. ஒரு மூணு மாசம் பக்கத்துல உக்கார வெச்சு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துடுங்க. உங்கள விட்டா எனக்கு யாருக்கா இருக்கா" என்றார்.

இத்தனை வருடம் அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் இதமாக இருக்கும். அன்றைக்கு அதைக் கேட்டபோது, கடையில் சில்லறைக்குப் பதிலாகக் கையில் திணிக்கிற மிட்டாய் நினைவுக்கு வந்தது. தன் இடத்துக்குத் திரும்பி, தாள்களில் துளையிட்டு, கயிறு கட்டி, கோப்பை வரிசையில் வைத்தாள். கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது.

வீட்டில் சொன்னபோது கணவர் தைத்துக்கொண்டிருந்த சட்டையை மெஷினிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். "அந்தத் தம்பியோட அம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப மூணு நாள் நான்தானே பக்கத்துல உக்காந்திருந்தேன்" என்றார். "நாளையிலேர்ந்து போகாத. போதும்." சொன்ன வேகத்திலேயே அவர் பார்வை சுவரில் மாட்டியிருந்த மகளின் கல்லூரிப் படத்துக்குப் போய்விட்டு வந்தது. இன்னும் ஒன்றரை வருடப் படிப்பு. அவர் சட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

புதிதாக வந்தவளுக்கு முப்பது வயது இருக்கும். திமிராக ஒருத்தி வந்திருந்தால் பெரியக்காவுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். இந்தப் பெண் வந்த அன்றே எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். சொன்னதையெல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டாள். நான்காம் நாள், பணி விவரத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு, "இத எழுதினவங்க இன்னும் இங்க இருக்காங்களா? படிச்சா பக்கத்துல நின்னு சொல்ற மாதிரி இருக்கு" என்றாள்.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"இல்ல, இந்த மூணாவது அலமாரி எதுன்னு கேக்கலாம்னுதான். அப்புறம், இந்த நாப்பத்தோரு வேலையையும் ஒருத்தரேவா பாத்தாங்க?"

பெரியக்கா எழுந்து ஜன்னலோரம் போய் மூன்றாம் அலமாரியைத் திறந்து, கீழ்த்தட்டைக் காட்டினாள். "ஓடு விலகியிருக்கு. இந்தச் செவுத்து வழியாத்தான் தண்ணி எறங்கும்." தாளைப் பார்க்காமலே, அதில் எழுதியிருந்த வார்த்தைகளிலேயே மீதியையும் சொன்னாள். அந்தப் பெண் அலமாரியைப் பார்க்கவில்லை. பெரியக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா" என்றாள். கொஞ்சம் கழித்து, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பது போல, "வேற எடத்துல போய்க் காட்டறதுக்கு உங்ககிட்ட ஏதாவது பேப்பர் இருக்கா? பணிச் சான்று மாதிரி?" என்று கேட்டாள்.

இல்லை. நூற்றுக்கணக்கானவர்களுக்கு அவள் பணிச் சான்று தட்டியிருக்கிறாள். வாயிற்காவலர் முதல் முதல்வர் வரை. தனக்கென்று ஒன்று தட்ட வேண்டும் என்று தோன்றியதே இல்லை. தோன்ற வைக்க இவள் வர வேண்டியிருந்தது.

மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு கல்லூரியின் பெயர் அச்சிட்ட தாளை எடுத்தாள். வழக்கமான மூன்று வரிகளைத் தட்டினாள். இவர் இருபத்துமூன்று ஆண்டுகளாக எழுத்தராகப் பணிபுரிகிறார், நன்னடத்தை உடையவர், வாழ்த்துகள். படித்துப் பார்த்துவிட்டு அழித்தாள். பிறகு நிதானமாக இப்படி அடித்தாள்: 'கடந்த பதினோரு ஆண்டுகளாக நிர்வாக அலுவலருக்குரிய பணிகள் அனைத்தையும், அப்பதவியோ அதற்குரிய ஊதியமோ இன்றி, இவர் ஒருவரே செய்து வந்துள்ளார்.' அதில் ஒரு பொய்யும் இல்லை. கீழே பதிவாளரின் பெயரும் பதவியும்.

மாலை நான்கு மணிக்கு வழக்கம்போலக் கையெழுத்துக்கான தாள்களை எடுத்துக்கொண்டு போனாள். ஏழு தாள்கள், அவளுடையது ஐந்தாவது. பதிவாளர் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். எப்போதும் அவள் தாளைப் புரட்டி, கையெழுத்திட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டுவாள், அவர் பேச்சை நிறுத்தாமலே போட்டுவிடுவார். நான்கு தாள்கள் அப்படிப் போயின. ஐந்தாவதைப் புரட்டிவிட்டு விரலை எடுத்துக்கொண்டாள்.

அவர் பேனா தாளின் மேல் நின்றது. கண் இடம் தேடியது. படித்துவிடுவாரோ என்று பயந்த அதே நேரத்தில், படிக்க மாட்டாரா என்றும் அவளுக்கு இருந்தது. 'என்னக்கா இது' என்று அவர் கேட்டால் சொல்வதற்கு இரண்டு வாக்கியங்கள் தயாராக வைத்திருந்தாள். மதியத்திலிருந்து மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தவை. அவர் இடத்தைக் கண்டுபிடித்துக் கையெழுத்துப் போட்டார். "இல்ல, இல்ல, நீங்க சொல்லுங்க" என்று போனில் சிரித்தார். பிறகு அவளைப் பார்த்து, "அவ்வளவுதானேக்கா?" என்றார்.

"இன்னும் ரெண்டு இருக்கு சார்."

முத்திரை அவள் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. அதைக் குத்தி, மை காயும் வரை ஊதிவிட்டு, தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு சரியாக ஐந்து மணிக்கு எழுந்தாள். புதியவள் ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் தலையசைத்தாள்.

வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கூட்டம் இல்லை. கடைக்காரர் அவளைப் பார்த்ததும், "என்னக்கா, ஆபீசுக்கா?" என்று கை நீட்டினார்.

"இல்ல. எனக்கு."

"எத்தன போடட்டும்?"

எத்தனை இடத்துக்கு விண்ணப்பம் போடுவது, எந்த இடம், நாற்பத்தேழு வயதில் யார் கதவைத் தட்டுவது, ஒன்றுமே அவள் யோசித்திருக்கவில்லை. "மொதல்ல ஒண்ணு போடுங்க" என்றாள். அவர் தாளைக் கவிழ்த்து வைத்தார். அது நழுவிவிடுமோ என்று அதன் மூலையை அவள் பிடித்துக்கொண்டே நின்றாள். மூடியைச் சரியாக மூடாமலே அவர் பொத்தானை அழுத்தினார். பச்சை வெளிச்சம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை மெதுவாக நகர்ந்து, அவள் விரல்களின் அடியில் புகுந்து போயிற்று. நகல் சூடாக வெளியே வந்தது. கையெழுத்தும் வட்ட முத்திரையும் தெளிவாக விழுந்திருந்தன. கீழ் மூலையில் அவள் கட்டைவிரல், ரேகைகள் தெரிய, கறுப்பாகப் பதிந்திருந்தது.

"விரல் விழுந்துருச்சேக்கா. வேற எடுத்துத் தரட்டுமா?" என்றார் கடைக்காரர்.

அவள் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.