வெட்டாத எட்டு வாரம்

சலூன்காரருக்குக் கை சும்மா இருக்காது. வாரம் முழுக்க ஊரார் தலையைத் திருத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் மனைவி வாசலோரம் வைத்த செம்பருத்தியின் தலையில் கை வைத்துவிடுவார். ஒரு இலை துருத்திக்கொண்டிருந்தால் போதும், சரக் சரக்! செடி ஒட்ட வெட்டிய பள்ளிப் பிள்ளை மாதிரி நின்றது. பூ மட்டும் பெயருக்குக்கூட இல்லை.

இரண்டு வருஷம் பொறுத்தவர் தீர்ப்பும் சொல்லிவிட்டார். "இன்னும் எட்டு வாரம் பாப்பேன். பூக்கலேன்னா கொத்தனாரைக் கூப்பிட்டு சிமெண்ட் போட்டுருவேன். வண்டி நிறுத்தவாவது ஆகும்."

பாத்திரம் கழுவும்போது ஜன்னல் வழியே பார்க்க மனைவிக்கென்று இருந்தது அந்தச் செடி ஒன்றுதான். மறுநாளே செடி விற்றவரிடம் ஓடினாள். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"யாராவது நுனியை வெட்டுறாங்களாம்மா? மொட்டு அங்கதானே வரும்!"

அடப்பாவி மனுஷா! இத்தனை நாள் மண்ணைத் திட்டினாள், வெயிலைத் திட்டினாள். குற்றவாளியோ வீட்டுக்குள்ளேயே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

சொன்னால் கேட்டால்தானே? "வெட்ட வெட்டத்தான் அடர்த்தியா வளரும். என் தொழிலை எனக்கே சொல்லித் தர்றியா?" என்றார்.

"இது முடி இல்லைங்க, செடி!" வீட்டிலிருந்த கத்தரிக்கோலைப் பிடுங்கி அலமாரியில் பூட்டினாள். ஞாயிறுதோறும் செடிக்கு முன்னால் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தாள். செடி பரட்டைத் தலையாகிவிட்டது. அவர் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்தார். விரல் இரண்டும் தாமாகவே காற்றை வெட்டின. ஆறாவது வாரம் மொட்டு தெரிந்தது. ஏழாவது வாரமும் மொட்டாகவே நின்றது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

எட்டாவது ஞாயிறு காலை, சலூன்காரர் சொல்லிவைத்திருந்த கொத்தனார் சிமெண்ட் மூட்டையோடு வந்து கதவைத் தட்டினார். திறந்தாள். ஒன்றா, இரண்டா? பதினோரு பூ! ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க!" அவள் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. ஜெயித்துவிட்டாள்!

சலூன்காரர் வந்தார். பூவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"எங்க சார் சிமெண்ட் போடணும்?" என்றார் கொத்தனார்.

"படிக்கட்டுல விரிசல் இருக்கு, அதை அடைச்சுருங்க." பிறகு மனைவியிடம் குரலைத் தாழ்த்தினார். "தோத்துட்டேன், ஒத்துக்கறேன். அந்தக் கத்தரிக்கோலைக் கொஞ்சம் குடேன்."

"எதுக்காம்?"

"அவர் தலையைப் பாரு, காடா கிடக்கு. ஞாயித்துக்கிழமையானா எனக்குக் கை அரிக்குது."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சாவியை அவர் கையில் கொடுத்தாள். எட்டு வாரம் காவல் இருந்த நாற்காலியைத் தூக்கி, கத்தரிக்கோல் செடிக்கு எட்டாத தூரத்தில் கொத்தனாருக்குப் போட்டாள்.