தங்கையின் பொம்மை

1

இது என் கற்பனையில் முளைத்த கதையல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மணிக்கட்டை உடைத்துக்கொண்டு எக்ஸ்ரே எடுக்கப் போன இடத்தில், படம் எடுத்த பெண் சொன்னது. "கைய அசைக்காதீங்க" என்றவள், நான் கேட்காமலேயே, "வீட்ல ஒரு கேம் இருக்கு. அதுல உடைஞ்சா உடனே ஒட்டிக்கும்" என்றாள். (மீதியில் பாதி நான் சேர்த்தது.)

2

முதல் தொடக்கம்: 'தங்கை இறந்து ஐந்து மாதங்கள் கழிந்த ஒரு மழைநாளில் அவள்...'

வேண்டாம். மழை வந்தால் கதை தானாகவே அழ ஆரம்பித்துவிடும்.

இரண்டாவது: 'பிளாஸ்டிக் கட்டைகளின்மேல் மனிதனுக்கு ஏன் இத்தனை...'

கட்டுரை வாடை.

நேராகச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரே எடுத்த அந்தப் பெண்தான் அக்கா. அவளும் தங்கையும் ஞாயிறு பகல்களில் ஒரே சோபாவில் உட்கார்ந்து அந்த வீடியோ கேமை ஆடுவார்கள். அதில் மரம், லாரி, ஏன் கடல்கூட, பொம்மைக் கட்டைகள்தான். எதை அடித்தாலும் சிதறும், சிதறியது பாலமாகும். பொம்மை செத்தால் மூன்று எண்ணுவதற்குள் கைகால் சேர்ந்து எழுந்துவிடும். வாரம் முழுக்க முறிந்த எலும்புகளையே பார்க்கிற அக்காவுக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை. தங்கைக்குப் பிடித்தது அக்காவைப் பள்ளத்தில் தள்ளுவது.

"எரும! வேணும்னேதான தள்ளுன?"

"செத்தா என்ன, வந்துருவல்ல?"

3

தங்கைக்கு வந்த காய்ச்சல் பதினோரு நாளில் அவளைக் கொண்டுபோனது. (என்ன காய்ச்சல் என்று ஒரு வரைவில் எழுதினேன். மருந்துச்சீட்டு மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன்.)

பிறகொரு நாள் அக்கா தனியாக விளையாட்டைத் திறந்தாள். பச்சைச் சட்டையும் கொள்ளைக்காரத் தாடியுமாகத் தங்கை உருவாக்கிய பொம்மை, அவள் பின்னாலேயே ஓடிவந்தது. இரண்டாவது ஆள் இல்லாவிட்டால் கம்ப்யூட்டரே அதை ஓட்டும். ரொம்பச் சமர்த்தாக வந்தது. ஒருமுறைகூட அவளைத் தள்ளிவிடவில்லை.

4

தங்கையின் கணவர், அவளுடைய துணிமணிகளைக் கொடுக்க வந்தார். 'இந்த வயசுல பொம்ம விளையாட்டா' என்று ஒருகாலத்தில் கிண்டலடித்தவர். திரையைப் பார்த்து அப்படியே நின்றார்.

"அந்தத் தாடிக்காரன்... அவளோடதா?"

"ஆமா தம்பி."

"நான் ஒரு தடவ ஓட்டிப் பாக்கட்டுமாக்கா?"

[அக்கா 'பெருந்தன்மையோடு' கொடுத்தாள் என்று எழுதியிருந்தேன். நம்பமுடியவில்லை. இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்தவள், கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்தாள். பிறகுதான் நீட்டினாள்.]

அவருக்கு எந்தப் பொத்தானும் தெரியவில்லை. பொம்மை பள்ளத்தில் விழுந்து சிதறியது. எழுந்தது.

"வந்துருதுக்கா!"

சிறுபிள்ளை மாதிரி சிரித்தார். மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை வேண்டுமென்றே குதிக்க வைத்தார். நான்காவது முறையும். சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது.

"போதும் தம்பி."

"சாதாக் காய்ச்சல்தான்னு நாந்தான்கா சொன்னேன்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரெண்டு நாள் முன்னாடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா, பொழச்சிருப்பாளா?"

5

ஐந்து மாதங்களாக அக்கா அவரிடம் கேட்காமல் விழுங்கிய கேள்வி அது. ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள், பதிலும் தெரியும்.

ஒரு வரைவில் அவள் 'ஆமா' என்கிறாள். உண்மை. அவர் எழுந்து போய்விடுகிறார். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கமே வருவதில்லை. இன்னொன்றில் 'இல்ல தம்பி' என்கிறாள். அவர் அவள் தோளில் சாய்ந்து அழுகிறார். அன்றிலிருந்து அவளுக்குத் தங்கையின் முகத்தை நினைக்கவே கூசு...

இதற்குமேல் எனக்கு ஓடவில்லை. அவர் இப்போது திரையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். யாராவது ஏதாவது சொல்லியாக வேண்டும். நீங்கள் சொல்லுங்கள்.